கொல்லன் மகனின் இரும்பு மட்டை

ஒரு தடவை பந்தைச் சரியாக அடிப்பது யாருக்கும் வாய்க்கும். அடுத்த தடவையும் அதேபோல் அடிப்பதுதான் கஷ்டம். நூறு தடவை அடித்தால் நூறும் ஒன்றுபோல் இருக்கவேண்டும் என்றால், அதற்கு ஒரு ஆயுள் தேவைப்படும். அப்படி ஒரு ஆயுளையே செலவழித்தவர் பென் ஹோகன். அமெரிக்க நாட்டு கோல்ப் வீரர்.

மும்பையில் செம்பூர் பக்கம் குடியிருப்பவர்களுக்கு கோல்ப் மைதானம் புதிதல்ல. 1927-ம் ஆண்டு தொடங்கிய கிளப் அங்கே இருக்கிறது. பெரிய அதிகாரிகளும் தொழில் அதிபர்களும் ஆடும் ஆட்டம் என்பதால், பலரும் அதை மதில் சுவருக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி. ஆனால் அந்த ஆட்டத்தில் உலகப் புகழ் பெற்ற ஹோகன் பணக்கார வீட்டுப் பிள்ளை அல்ல. கூலிக்குப் பை சுமந்த பையன்.

ரெயில் நிலையத்தில் பத்திரிகை விற்றான்

பென் ஹோகன் 1912-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 13-ந் தேதி டெக்சாஸ் மாநிலத்தில் ஸ்டீபன்வில் என்ற ஊரில் பிறந்தார். தந்தை செஸ்டர் ஒரு கொல்லர். டப்ளின் என்ற சிற்றூரில் பட்டறை வைத்து, குதிரைகளுக்கு லாடம் அடித்துப் பிழைத்தார். மோட்டார் கார்கள் பெருகிய காலம் அது. குதிரை குறையக் குறையப் பட்டறையில் வேலையும் குறைந்தது. குடும்பம் போர்ட் வொர்த் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. ஆனால் தந்தையின் மனம் தேறவில்லை. 1922-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அவர் வீட்டிலேயே துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு உயிரைவிட்டார். அப்போது பென்னுக்கு வயது 9.

குடும்ப பாரம் தாய் கிளாராவின் தலையில் விழுந்தது. அவர் துணி தைத்துச் சம்பாதித்தார். அண்ணன் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போனான். சிறுவன் பென் ரெயில் நிலையத்தில் வந்துபோகும் பயணிகளிடம் பத்திரிகை விற்றான். தந்தையைப்பற்றி அவன் வெளியில் பேசியதே இல்லை. பெரியவனான பிறகும் அதிகம் பேசாத மனிதராகவே இருந்தார்.

11 வயதில் ஒரு செய்தி காதில் விழுந்தது. ஊருக்கு வெளியே கிளென் கார்டன் என்ற கோல்ப் கிளப்பில், ஆடுபவர்களின் மட்டைப் பையைச் சுமந்தால் ஒரு சுற்றுக்கு 65 சென்ட் கிடைக்கும் என்றார்கள். பத்திரிகை விற்பதைவிட அது லாபம். பென் அங்கே போய்ச் சேர்ந்தான். பை சுமப்பவர்களுக்கு கோல்ப் உலகில் கேடி என்று பெயர். போலீஸ் ஏட்டில் உள்ள கேடி வேறு, இது வேறு.

அதே கிளப்பில் பைரன் நெல்சன் என்ற இன்னொரு பையனும் பை சுமந்தான். இருவருக்கும் ஒரே வயது. 1927-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் கேடிகளுக்கு ஒரு போட்டி நடந்தது. இருவரும் சமமாக வந்தார்கள். மறுபடி ஆடியதில் நெல்சன் ஒரே ஒரு அடியில் ஜெயித்தான். பிற்காலத்தில் இருவருமே உலகப் புகழ் பெற்றார்கள். ஆனால் நெல்சனுக்குப் புகழ் சீக்கிரம் வந்தது. ஹோகனுக்கு வரவில்லை.

பந்து இடது பக்கம் ஓடியது

ஹோகன் பள்ளிப் படிப்பை முடிக்கவில்லை. 1930-ம் ஆண்டு, 17 வயதில், தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். பிறகு பத்து ஆண்டுகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கையில் பணம் தீர்ந்து பாதியில் ஊர் திரும்பியது ஒரு தடவை அல்ல. 1935-ம் ஆண்டு வாலரி என்ற பெண்ணை மணந்தார். ஒரு பழைய காரில் கணவனும் மனைவியும் ஊர் ஊராகப் போட்டிகளுக்குப் போனார்கள்.

1938-ம் ஆண்டு ஆக்லாந்து நகரப் போட்டியின்போது கையிருப்பு 100 டாலருக்கும் கீழே போய்விட்டது. காலையில் ஓட்டலை விட்டு வெளியே வந்தால், காரின் சக்கரங்களைத் திருடர்கள் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்! இன்னொருவர் காரில் தொற்றிக்கொண்டு மைதானம் போய்ச் சேர்ந்தார். அந்தப் போட்டியில் கிடைத்த சில நூறு டாலர் பரிசுதான் அவரை இந்தத் தொழிலில் நிறுத்தியது.

அவரிடம் இருந்த குறை என்ன? வலது கைக்காரரான அவர் அடிக்கும் பந்து நேராகப் புறப்படும். பாதி வழியில் திடீரென்று இடது பக்கம் வளைந்து, தரையில் விழுந்து ஓடிவிடும். எப்போது வளையும், எவ்வளவு வளையும் என்று அவருக்கே தெரியாது. இதற்கு ஹூக் என்று பெயர். மட்டை பந்தைத் தொடும் நேரத்தில் அதன் முகம் இடது பக்கம் மூடிக்கொள்வதால் வருகிற வினை இது.

இரும்பு மட்டையின் வேலை

கோல்ப் ஆட்டக்காரரின் பையில் பல மட்டைகள் இருக்கும். தூரம் அனுப்புவதற்குப் பெரிய தலை கொண்ட மட்டைகள். இலக்கில் கொண்டுபோய் இறக்குவதற்கு இரும்பு மட்டைகள். இரும்பு மட்டைகளுக்கு எண் உண்டு. எண் ஏற ஏற முகத்தின் சாய்வு அதிகம். பந்து உயரப் போகும், தூரம் குறையும். ஒவ்வொரு எண்ணுக்கும் இத்தனை கெஜம் என்று ஆட்டக்காரர் கணக்கு வைத்திருப்பார். அந்தக் கணக்கு ஒவ்வொரு தடவையும் பலிக்கவேண்டும். மட்டை, பந்துக்கு முன்னால் மண்ணைத் தொட்டால் பந்து பாதி தூரத்தில் விழும். பந்தின் மேல்பகுதியில் பட்டால் தரையோடு தரையாக ஓடும்.

ஹோகன் இதை ஒரு மெக்கானிக் எந்திரத்தைப் பிரிப்பதுபோல் பிரித்துப் பார்த்தார். மற்ற வீரர்கள் ஆட்டம் முடிந்து ஓய்வு எடுக்கும்போது அவர் பயிற்சித் திடலில் நின்றார். உள்ளங்கைத் தோல் உரியும்வரை அடித்தார். தூரத்தில் ஒரு பையன் பந்து பொறுக்க நிற்பான். நாளடைவில் அந்தப் பையன் நின்ற இடத்தைவிட்டு அதிகம் நகரவேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

1940-ம் ஆண்டு பைன்ஹர்ஸ்ட் நகரில் முதல் பெரிய வெற்றி கிடைத்தது. தொடர்ந்து அடுத்த இரண்டு போட்டிகளிலும் ஜெயித்தார். 1940, 1941, 1942 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அமெரிக்காவில் அதிகப் பரிசுப் பணம் பெற்றவர் அவரே. பிறகு யுத்தம். விமானப்படையில் சேர்ந்து 1945 வரை பணியாற்றினார்.

திரும்பி வந்ததும் பழைய குறையை வேரோடு களைந்தார். மட்டையைப் பிடிக்கும்போது இடது கையைச் சற்று இடது பக்கம் திருப்பி வைத்தார். அதனால் மட்டையின் முகம் சட்டென்று மூட முடியவில்லை. பந்து இப்போது கடைசியில் லேசாக வலது பக்கம் சாய்ந்து, மெதுவாக இறங்கி நின்றது. இறங்கிய இடத்தைவிட்டு ஓடவில்லை.

மற்றவையும் ஒழுங்குக்கு வந்தன. பந்தை எப்போதும் இடது குதிகாலுக்கு நேராகச் சற்று உள்ளே வைத்தார். மட்டை மாறினால் பந்தின் இடத்தை மாற்றவில்லை. வலது காலைத்தான் நகர்த்தினார். மட்டையைக் கீழே கொண்டுவரும்போது கைகள் அவசரப்படக்கூடாது. முதலில் இடுப்பு திரும்பும். உடம்பின் பாரம் இடது காலுக்குப் போகும். கைகள் பின்னால் வரும். பந்தைத் தொடும் நேரத்தில் இடது மணிக்கட்டு இலக்கை நோக்கிச் சற்று முன்தள்ளி நிற்கும். அப்படி வந்தால் மட்டை முதலில் பந்தைத் தொடும். அதன் பிறகே புல்லும் மண்ணும் பெயரும். இரும்பு மட்டை ஆட்டத்தின் சூட்சுமம் இதுதான்.

1946-ம் ஆண்டு அவர் அமெரிக்கத் தொழில்முறை வீரர்களின் சாம்பியன் ஆனார். 1948-ல் அதையும் அமெரிக்க ஓப்பன் பட்டத்தையும் சேர்த்துப் பெற்றார். வயது 35. இனி நல்ல காலம் என்று இருந்த சமயத்தில் அந்த விபத்து நடந்தது.

பஸ் மோதியது

1949-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந் தேதி காலை. டெக்சாசில் வான் ஹார்ன் ஊருக்கு அருகே கடும் பனிமூட்டம். ஹோகன் கார் ஓட்ட, பக்கத்தில் மனைவி. எதிரே லாரியை முந்திக்கொண்டு வந்த பஸ் ஒன்று காரின்மேல் நேருக்கு நேர் மோதியது. மோதப்போகும் கணத்தில் ஹோகன் மனைவியைக் காப்பாற்ற அவர்மேல் குறுக்கே பாய்ந்தார். மனைவிக்குப் பெரிய காயம் இல்லை. ஸ்டீயரிங் தண்டு, ஓட்டுநர் இருக்கையைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. மனைவிக்காகப் பாய்ந்ததே அவர் உயிரையும் காத்தது.

இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. காரை எலும்பும் இடது கணுக்காலும் முறிந்தன. பிறகு ரத்தக்கட்டிகள் தோன்றி உயிருக்கே ஆபத்து வந்தது. நியூ ஆர்லியன்சில் இருந்து வந்த டாக்டர் ஆக்ஸ்னர், இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய ரத்தக்குழாயைக் கட்டி உயிரைக் காப்பாற்றினார். அதனால் கால்களில் வீக்கமும் வலியும் ஆயுள் முழுவதும் தங்கிவிட்டன. இனி இவர் நடந்தாலே பெரிது என்று பலர் பேசினார்கள்.

ஹோகன் முதலில் வீட்டுக்குள் நடந்தார். பிறகு தெருவில் நடந்தார். பிறகு மட்டையைக் கையில் எடுத்தார்.

மெரியன் மைதானம்

விபத்து நடந்து 16 மாதம் கழித்து, 1950-ம் ஆண்டு ஜூன் மாதம், பிலடெல்பியா அருகே மெரியன் மைதானத்தில் அமெரிக்க ஓப்பன் போட்டி. கடைசி நாளில் ஒரே நாளில் 36 குழிகள் ஆடவேண்டும். கால் முழுவதும் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு ஹோகன் இறங்கினார். மாலையில் ஒவ்வொரு அடியும் எடுத்துவைப்பதே வேதனையாக இருந்தது.

கடைசிக் குழி. நாலு அடியில் முடித்தால்தான் மற்ற இருவரோடு சமம். இலக்கு 200 கெஜத்துக்கு அப்பால். ஹோகன் ஒன்றாம் எண் இரும்பு மட்டையை எடுத்தார். இரும்பு மட்டைகளிலேயே அடிக்கக் கடினமானது அது. வலியில் துடிக்கும் கால்கள் மறந்தாலும், பல ஆண்டுகளாகப் பழகிய உடம்பு அந்த வீச்சை மறக்கவில்லை. பந்து பசும்புல் திடலில் போய் நின்றது. நாலு அடியில் முடித்தார். அந்த வீச்சைப் பின்னாலிருந்து ஹை பெஸ்கின் எடுத்த புகைப்படம் உலகப் பிரசித்தம். மறுநாள் நடந்த ஆட்டத்தில் ஹோகன் 69, மாங்ரம் 73, பாசியோ 75. பட்டம் ஹோகனுக்கு!

1953-ம் ஆண்டு அவர் வாழ்வின் உச்சம். மாஸ்டர்ஸ், அமெரிக்க ஓப்பன், பிரிட்டிஷ் ஓப்பன் மூன்றையும் ஒரே ஆண்டில் வென்றார். ஸ்காட்லாந்தில் கர்னூஸ்டி மைதானம் அவருக்குப் புதிது. அங்கே உபயோகித்த பந்தும் அமெரிக்கப் பந்தைவிடச் சிறியது. முன்கூட்டியே போய் மைதானத்தைப் படித்தார். நாலு சுற்றிலும் அவர் எடுத்த அடிகள் 73, 71, 70, 68. ஒவ்வொரு சுற்றும் முந்தியதைவிட மேல். நியூயார்க் திரும்பியபோது மாடிகளில் இருந்து காகிதத் துண்டுகளை மழையாகப் பொழிந்து வரவேற்றார்கள்.

கடைசிவரை கொல்லன் மகன்

அதே ஆண்டு சொந்தமாக மட்டை தயாரிக்கும் கம்பெனி தொடங்கினார். முதலில் தயாரான மட்டைகள் அவருக்குத் திருப்தி தரவில்லை. பெரிய நஷ்டம் என்று தெரிந்தும் அவற்றைக் கழித்துத் தள்ளினார். தன் பெயர் பொறித்த இரும்பு, வாங்குபவனை ஏமாற்றக்கூடாது என்பது அவர் பிடிவாதம். 1957-ம் ஆண்டு தன் ஆட்ட முறையை ஐந்து பாடங்களாக ஒரு புத்தகத்தில் விளக்கினார். இன்றும் கோல்ப் பழகுபவர்கள் அதைப் படிக்கிறார்கள்.

பெரிய பட்டங்கள் ஒன்பது பெற்ற பென் ஹோகன், 1997-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி போர்ட் வொர்த் நகரில் காலமானார். வயது 84.

மெரியனில் அவர் அடித்த அந்த ஒன்றாம் எண் மட்டை, அன்றைக்கே காணாமல் போய்விட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஒரு பழைய மட்டைக் கட்டில் கிடைத்தது. ஹோகன் அதைப் பார்த்துத் தன்னுடையதுதான் என்றார். இப்போது அது நியூஜெர்சியில் உள்ள அமெரிக்க கோல்ப் சங்கத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அந்த மட்டையின் முகத்தில் ஒரே ஒரு இடம் மட்டும் தேய்ந்திருக்கிறது. சிறு நாணயம் அளவுதான் இருக்கும். எத்தனையோ ஆயிரம் பந்துகள், பட்ட இடத்திலேயே பட்டுத் தேய்த்த தேய்வு அது.