ஒரு துளி இரத்தம்

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று 1897-இல் கண்டறிய வழி வகுத்த ரொனால்டு ராஸை நாம் அனைவரும் அறிவோம். அவருக்கு முன்பே அந்நோயின் கிருமியைக் கண்ணாரக் கண்டவர் ஒருவர் உண்டு. விலங்கியல் பயிலும் என் உள்ளத்தைக் கவர்ந்த அவர், பிரெஞ்சு இராணுவ மருத்துவர் அல்போன்ஸ் லாவெரான்.

1845-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தையாரும் இராணுவ மருத்துவரே. 1878-இல் லாவெரான் அல்ஜீரியாவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே போர்வீரர்கள் முறைக்காய்ச்சலால் மடிந்துகொண்டிருந்தனர். சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றே அதற்குக் காரணம் என்று பலரும் நம்பிய காலம் அது. மலேரியா என்னும் இத்தாலியச் சொல்லுக்கே கெட்ட காற்று என்பதுதான் பொருள். லாவெரானோ காற்றை விடுத்து நோயாளியின் இரத்தத்தை ஆராய்ந்தார்.

1880 நவம்பர் 6. கான்ஸ்டன்டைன் நகர இராணுவ மருத்துவமனையில், காய்ச்சலுற்ற வீரர் ஒருவரின் இரத்தத்துளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். பிறை வடிவ உருவங்களை அவர் முன்பே கண்டதுண்டு. அன்றோ, உருண்டையான ஓர் உருவின் விளிம்பில் மெல்லிய இழைகள் சாட்டைபோல் துடித்தன. அது உயிருள்ள பொருளே என்று தெளிந்தார்! கொயினா கொடுத்ததும் அவ்வுயிர்கள் இரத்தத்திலிருந்து மறைவதையும் கண்டார்.

அறிஞருலகம் உடனே ஏற்கவில்லை. நோய்க்குப் பாக்டீரியாவே காரணம் என்றிருந்த இத்தாலிய ஆய்வாளர்கள் சில ஆண்டுகளுக்குப் பின்னரே அவர் பக்கம் வந்தனர். 1907-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. பரிசுத் தொகையில் பாதியைப் பாஸ்டர் நிலையத்தில் வெப்பமண்டல நோய் ஆய்வுக்கூடம் அமைக்க ஈந்தார். 1922-இல் மறைந்தார்.

அவர் கண்ட பிறை வடிவம் பிளாஸ்மோடியம் பால்சிபாரம் என்னும் இனத்துக்கு உரியது. ஆப்பிரிக்காவில் இன்றும் மலேரியாவால் இறப்போரில் ஏறத்தாழ நான்கில் மூவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். பெரும்பாலும் இந்த இனமே அவர்களுக்கு எமனாகிறது. காய்ச்சல் கண்ட குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், வலிப்பு வந்தாலும், நினைவிழந்தாலும், மூச்சு வாங்கினாலும், உடல் வெளுத்தாலும் கடும் மலேரியா என ஐயுற வேண்டும். ஒரு நாள் தாமதமும் உயிரைப் பறிக்கலாம்.

அத்தகைய குழந்தைக்கு உடனே இரத்தச் சோதனையும், குறைந்தது 24 மணி நேரம் ஆர்ட்டிசுனேட் ஊசியும், பின்னர் வாய்வழிக் கூட்டு மருந்தும் தரவேண்டும். இரத்தத்தில் சர்க்கரை குறைந்திருந்தால் குளுக்கோஸும் தேவை. மருத்துவமனை தொலைவில் இருந்தால், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆசனவாய் வழியே ஆர்ட்டிசுனேட் வைத்து உடனே அனுப்புகின்றனர்.

வெறும் காய்ச்சல்தானே என்று வாளாவிராமல் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கும் வழியை உலகுக்குக் காட்டியவர் லாவெரான். இன்று பிழைத்தெழும் ஒவ்வொரு குழந்தையும் அவருக்குக் கடன்பட்டதே என்பேன்.