எழுத்துகளை எண்ணி ரகசியத்தை உடைத்த அல்கிந்தி

திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலில் விழுப்புரம் சென்று கணினி படிக்கும் நம் மஹல்லா மாணவர் ஒருவர், சென்ற ரமலானுக்கு முன் மடிக்கணினியுடன் நம்மைத் தேடி வந்தார். ஜகாத் பெறுவோர் பட்டியலைக் கணினியில் ஏற்றித் தந்தவர் அவர்தான். கணவரை இழந்த பெண்கள், கடனில் மூழ்கியவர்கள், வெளியே கை நீட்டக் கூசும் குடும்பங்கள் என்று எல்லோருடைய பெயர், முகவரி, நிலைமை அதில் இருக்கிறது. ஓர் எழுத்துக்குப் பதில் எப்போதும் வேறோர் எழுத்து வரும்படி தானே நிரல் எழுதிப் பூட்டியிருப்பதாகச் சொன்னார். முகத்தில் பெருமை தெரிந்தது.

நமக்கு நிரல் எழுதத் தெரியாது. ஆனால் இந்தப் பூட்டை ஏறத்தாழ ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே பாக்தாதில் ஒருவர் திறந்துவிட்டார் என்பது தெரியும்.

அவர் அபூ யூசுஃப் யஃகூப் இப்னு இஸ்ஹாக் அல்கிந்தி. ஹிஜ்ரி 185 வாக்கில், அதாவது கி.பி. 801-ஐ ஒட்டி, கூஃபாவில் பிறந்தார். தந்தை கூஃபாவின் ஆளுநர். குலமோ பழைய அரபு அரச குலமான கிந்தா. பாக்தாதில் கலீஃபா மஃமூனின் ஆதரவைப் பெற்றார். அடுத்து வந்த முஃதஸிம் தம் மகனுக்கே அவரை ஆசிரியராக்கினார். மருத்துவம், வானியல், இசை, வாசனைத் திரவியம் என்று அவர் எழுதிய நூல்கள் இருநூறுக்கும் மேல். நம் நாட்டு எண்களைக் கையாளும் முறை பற்றியும் எழுதியிருக்கிறார்.

இவற்றுள் சிறியதொரு நூல்தான் மறைபொருள் எழுத்தை வெளிக்கொணர்வது பற்றியது. முறை மிக எளிது. எந்த மொழியிலும் சில எழுத்துகள் அடிக்கடி வரும், சில அபூர்வமாக வரும். அந்த மொழியின் நீண்ட பகுதி ஒன்றை எடுத்து எழுத்துகளை எண்ணி வரிசைப்படுத்த வேண்டும். பிறகு ரகசியக் கடிதத்தின் குறிகளையும் எண்ணி, இரண்டு வரிசைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். அவரே 3,667 அரபு எழுத்துகளை எண்ணியிருக்கிறார். அலிஃப் 600 முறை, லாம் 437 முறை வந்தன. குர்ஆன் ஓதும் நம் பிள்ளைகளுக்கு இது வியப்பாக இராது. கடிதம் மிகச் சிறியதாக இருந்தால் கணக்கு பொய்க்கும் என்பதையும் அவர் மறக்காமல் எச்சரித்திருக்கிறார். ஐரோப்பாவில் இத்தாலியின் அல்பெர்ட்டி இதைப் பற்றி எழுதியது 15-ஆம் நூற்றாண்டில்தான்.

எல்லாம் அவர் ஒருவரே கண்டது என்று சொல்லிவிடவும் கூடாது. மதரஸாவில் நாம் யாப்பிலக்கணத்தோடு சேர்த்துப் படித்த கலீல் இப்னு அஹ்மத் (ரஹ்) அவருக்கு முன்பே இத்துறையில் எழுதியவர். கிரேக்கத்தில் வந்த ரகசியக் கடிதம் ஒன்றை, அது இறைவன் பெயரில்தான் தொடங்கும் என்று ஊகித்துப் பிடித்தவர் என்பார்கள்.

கிந்தியைப் பற்றி மேடையில் பேசும் நம்மவர்கள் ஒன்றைத் தாண்டிப் போய்விடுகிறோம். அவரை ஆதரித்த அதே முஃதஸிமின் ஆட்சியில்தான் இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) சாட்டையடி பட்டார்கள். அரண்மனையில் ஒருவர் பாடம் சொல்லிக்கொண்டிருக்க, மற்றவர் சிறையில் இருந்தார். இரண்டும் நம் வரலாறுதான்.

பின்னர் கிந்தியின் முறையும் வந்தது. முதவக்கில் கலீஃபாவானதும், பனூ மூஸா சகோதரர்களின் கோள் பலித்தது. கிந்தி அடிக்கப்பட்டார். அவருடைய நூலகம் முழுவதையும் அந்தச் சகோதரர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதை மீட்டுத் தந்தவர் நண்பர்கூட அல்ல, கிந்தியோடு பகை கொண்டிருந்த ஸனத் இப்னு அலீ. பனூ மூஸாவின் பொறுப்பில் வெட்டப்பட்ட கால்வாயில் அளவு பிழையாகிவிட, தலை தப்பாது என்று அவர்கள் ஸனத்திடம் ஓடினார்கள். கிந்தியின் நூல்களைத் திருப்பிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக அவர் கைப்பட எழுதி வாங்கி வந்தால்தான் உதவுவேன் என்றார் ஸனத். நூல்கள் திரும்பின. பகைவனுக்கும் நியாயம் செய்த இந்த மனிதரை நாம் அதிகம் பேசுவதில்லை.

ஹிஜ்ரி 260 வாக்கில் கிந்தி பாக்தாதில் மறைந்தார். அவருடைய நூல்களில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. ரகசிய எழுத்து பற்றிய ஏடு மட்டும் இஸ்தான்புல்லின் சுலைமானிய்யா நூலகத்தில் கிடந்து, 1987-ல் டமாஸ்கஸில் அச்சேறியது.

இவ்வளவையும் கேட்ட மாணவர், பைத்தானில் நாலைந்து வரி எழுதித் தம் பட்டியலின் எழுத்துகளை எண்ணினார். அஸருக்கு முன் உட்கார்ந்தவர், மஃரிப் பாங்குக்குள் பாதிப் பெயர்களை வாசித்துவிட்டார். முதலில் வெளிப்பட்டது அவர் தெருவிலேயே இருக்கும் ஒரு தாயின் பெயர். சட்டென்று திரையை மூடிவிட்டார்.

மறுவாரம் சொந்த நிரலை நீக்கிவிட்டு, உலகெங்கும் வல்லுநர்கள் சோதித்துப் பார்த்த ஏஇஎஸ் முறையின் ஆயத்த தொகுதியைப் பொருத்தினார். அதில் ஒரே எழுத்து ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு விதமாக மாறுவதால், எண்ணிப் பார்த்து எதையும் பிடிக்க முடியாதாம். கடவுச்சொல் இப்போது முத்தவல்லியிடமும் பொருளாளரிடமும் மட்டும் இருக்கிறது. நம்மிடம் சொல்ல வந்தபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.