வியர்வையை அளந்த வைத்தியர்: ரொபேர்ட் கேய்ட்டும் தீராத ஒரு வழக்கும்

மார்ச் மாதம் பிறந்தால் கொள்ளுப்பிட்டி காலி வீதியில் நீலமும் பொன்னிறமுமாக ஒரு கொடியும், நீலமும் கறுப்புமாக இன்னொரு கொடியும் ஓடித் திரியும். றோயல் கல்லூரிக்கும் சென் தோமஸ் கல்லூரிக்கும் இடையிலான கிரிக்கெற் காலம் அது. 1885ஆம் ஆண்டு றோயல் 9 ஓட்டங்களுக்குச் சுருண்ட ஆட்டத்தில் வென்றது யார் என்பதில் இரு பக்கத்துப் பழைய மாணவர்களும் இன்னும் உடன்படவில்லை. தோமஸ்காரர் வெற்றி என்பார்கள். றோயல்காரர் சமநிலை என்பார்கள். வடக்கின் பெருஞ்சமரில் சென்ற்ரல் பக்கமோ சென் ஜோன்ஸ் பக்கமோ நின்று தொண்டை கிழியக் கத்திய எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலும் இப்படி ஒரு வழக்கு உண்டு. அங்கே சண்டை ஓட்டங்களுக்காக அல்ல, ஒரு பானத்துக்காக. விளையாட்டு வீரர்கள் குடிக்கும் உப்பும் சீனியும் கலந்த பானத்தை முதலில் உண்டாக்கியது எந்தப் பல்கலைக்கழகம்? புளோரிடா பல்கலைக்கழகத்தின் ரசிகர்கள் ரொபேர்ட் கேய்ட் என்ற வைத்தியரைக் காட்டுவார்கள். எதிர்ப்பக்கமான புளோரிடா ஸ்ரேற் பல்கலைக்கழகத்தின் ரசிகர்கள், 1960களின் தொடக்கத்திலேயே தங்கள் அணிக்கு அப்படி ஒரு பானம் கொடுக்கப்பட்டது என்றும், அதற்குச் செமினோல் நெருப்புநீர் என்று பெயர் இருந்தது என்றும் வாதிடுவார்கள்.

கொள்ளுப்பிட்டியில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்கிறவன் நான். நிறம் நிறமான அந்தப் போத்தல்களைத் தினமும் விற்கிறேன். அதனாலேயே அந்த வைத்தியரின் வாழ்க்கையைத் தேடி வாசித்தேன்.

ரொபேர்ட் கேய்ட் 1927இல் ரெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்ரோனியோவில் பிறந்தார். கடற்படையில் பணியாற்றிவிட்டு மருத்துவம் படித்தார். 1961இல் கேய்ன்ஸ்வில் நகரிலுள்ள புளோரிடா பல்கலைக்கழக மருத்துவபீடத்தில் சேர்ந்தார். அவருடைய துறை சிறுநீரகம். வயலின்கள் சேர்ப்பதும் வாசிப்பதும், பழைய ஸ்ருடிபேக்கர் கார்களைச் சேகரிப்பதும் அவருடைய ஆசைகள்.

1965இல் பல்கலைக்கழக உதைபந்தாட்ட அணியின் உதவிப் பயிற்றுநர் டுவைன் டக்ளஸ், கேய்ட்டின் குழுவிடம் ஒரு சந்தேகத்தைக் கொண்டுவந்தார். ஒரு ஆட்டத்தில் பல கிலோ எடை குறைகிற வீரர்கள் ஆட்டம் முடிந்தபிறகு ஏன் சிறுநீர் கழிப்பதில்லை? விளையாட்டின்போது தண்ணீர் குடிப்பது பலவீனம் என்று பல பயிற்றுநர்கள் நம்பியிருந்த காலம் அது. வெயிலில் மயங்கி விழுவதும், சிலவேளை இறந்துபோவதும் நடந்தன.

வேறொருவராக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். கேய்ட் அளந்தார். தானா ஷையர்ஸ், ஜேம்ஸ் ஃப்ரீ, அலெஹாந்திரோ டி கெசாடா ஆகிய மூன்று வைத்தியர்களும் அவரோடு சேர்ந்தார்கள். தலைமைப் பயிற்றுநர் ரே கிரேவ்ஸ் முக்கிய அணியைத் தொட விடவில்லை. முதலாம் ஆண்டு மாணவர்களை மட்டும் சோதிக்க அனுமதித்தார். முடிவு தெளிவாக இருந்தது. வீரர்களின் உடலில் உப்புகளின் சமநிலை குலைந்திருந்தது, குருதியின் கனவளவும் சீனியின் அளவும் குறைந்திருந்தன. வியர்வையிலேயே அத்தனை நீரும் போய்விட்டதால் சிறுநீருக்கு எதுவும் மிஞ்சவில்லை.

போனதைத் திருப்பிக் கொடுப்பதுதான் மருந்து. தண்ணீர், உப்பு, சீனி, பொற்றாசியம், பொஸ்பேற் ஆகியவற்றைக் கலந்தார்கள். முதலில் செய்தது வாயில் வைக்க முடியாததாக இருந்தது. எலுமிச்சம் சாறு சேர்க்கச் சொன்னவர் கேய்ட்டின் மனைவி மேரி.

1965 ஒக்ரோபர் முதலாம் திகதி பயிற்சி ஆட்டம் ஒன்று நடந்தது. முதற்பாதியில் பின்தங்கியிருந்த முதலாம் ஆண்டு மாணவர்கள், பானத்தைக் குடித்தபடி இரண்டாம் பாதியில் ஓடி ஓடி விளையாடி வென்றார்கள். அதைக் கண்ட கிரேவ்ஸ், அடுத்த நாள் முக்கிய அணிக்கும் அதைக் கேட்டார். கடும் வெயிலில் நடந்த அந்த ஆட்டத்தில் லூசியானா ஸ்ரேற் அணியைப் புளோரிடா 14-7 என்று தோற்கடித்தது. அணியின் பெயர் கேட்டர்ஸ், அதாவது முதலைகள். பானத்துக்குக் கேட்டரேட் என்று பெயர் வந்தது அப்படித்தான். 1967 ஜனவரியில் ஒரேஞ்ச் போல் ஆட்டத்தில் ஜோர்ஜியா ரெக் அணியை 27-12 என்று வென்றதும் அந்தப் பெயர் நாடு முழுவதும் பரவியது.

பெயர் பரவியதும் வழக்குகளும் வந்தன. உரிமையை முதலில் பல்கலைக்கழகத்துக்கே கொடுக்க முன்வந்தார் கேய்ட். அது வேண்டாம் என்றது. அவர் ஸ்ரோக்லி வான் காம்ப் என்ற உணவு நிறுவனத்திடம் போனார். பணம் குவியத் தொடங்கியதும் பல்கலைக்கழகம் பங்கு கேட்டது. ஆராய்ச்சிக்கு நிதி கொடுத்த மத்திய அரசும் உரிமை கோரியது. 1972இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி உரிமப் பணத்தில் 20 வீதம் பல்கலைக்கழகத்துக்குப் போனது. அந்தப் பங்கு மட்டும் பின்னர் கோடிக்கணக்கான டொலராக வளர்ந்தது. கேய்ட் அதே ஊரில் பேராசிரியராகவே இருந்தார். 2007 நவம்பர் 27ஆம் திகதி, 80ஆவது வயதில் இறந்தார். சிறுநீரகங்களைப் படித்த அந்த மனிதரின் உயிரை எடுத்தது சிறுநீரகச் செயலிழப்பு.

ஆனால் உப்பும் சீனியும் சேர்ந்து உயிர் காக்கும் கதை இரண்டு பல்கலைக்கழகங்களுக்குள் அடங்குவதல்ல. 1953இலேயே கல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்ற வைத்தியர், வாந்திபேதி நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழியாகக் கொடுத்துப் பலன் கண்டு எழுதியிருந்தார். குடலில் சீனியும் சோடியமும் கைகோத்துத்தான் உள்ளே போகின்றன, அவற்றின் பின்னால் நீரும் போகிறது என்று 1960இல் விளக்கினார் ரொபேர்ட் கிரேன். 1968இல் டாக்காவில் டேவிட் நலினும் ரிச்சர்ட் காஷும் அதை வாந்திபேதி நோயாளிகளில் நிரூபித்தார்கள்.

1971இல் வங்கதேசப் போர். எல்லை தாண்டி ஓடிவந்த மக்கள் நிரம்பிய பொங்கான் முகாமில் வாந்திபேதி பரவியது. நரம்பில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோனது. திலீப் மஹாலனாபிஸ் என்ற வைத்தியர் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் தாய்மாரிடமும் சகோதரரிடமும் குவளையைக் கொடுத்துப் பருக்கச் சொன்னார். சுமார் 30 வீதமாக இருந்த இறப்பு 4 வீதத்துக்கும் கீழே இறங்கியது. அந்தக் கலவைக்கு யாரும் காப்புரிமை கேட்கவில்லை.

அந்தக் குவளை எங்களுக்கும் தெரியும். 1995இல் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்தபோது என் தங்கைக்கு வயிற்றோட்டம் வந்தது. ஜீவனிப் பக்கற் கிடைக்கவில்லை. அம்மா தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, உப்பும் சீனியும் கரைத்து, இரவு முழுவதும் கரண்டியால் ஊட்டினா. விடியத் தங்கை கண் திறந்தாள். மெனிக்பாம் முகாமில் பிள்ளைகளோடு வரிசையில் நின்ற தாய்மார் என்னைவிட இதை நன்றாக அறிவார்கள்.

அதனால்தான் எனக்கு ஒரு கவலை. இன்று பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் சிலர் கடைக்கு வந்து கேட்பது விளையாட்டுப் பானம். விளம்பரம் அப்படி. இரண்டும் உப்பும் சீனியும் கலந்தவைதான், ஆனால் அளவு வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ். வழமையான விளையாட்டுப் பானத்தில் சீனி ஏறக்குறைய அதன் நான்கு மடங்கு. சோடியமோ கிட்டத்தட்ட கால்பங்குதான். கூடிய சீனி நீரைக் குடலுக்குள் இழுத்து வயிற்றோட்டத்தை மோசமாக்கலாம். ஓடி வியர்த்த வீரனுக்காகக் கேய்ட் செய்தது அது. நோயுற்ற குழந்தைக்காக அல்ல.

பானத்தைக் கண்டுபிடித்தது யார் என்று புளோரிடாவில் இன்னும் சண்டை பிடிக்கட்டும். என் பார்வையில் கேய்ட்டின் பெருமை, உப்புத் தண்ணீரைக் கண்டுபிடித்ததில் இல்லை. மற்றவர்கள் சிரித்துத் தள்ளியிருக்கக்கூடிய ஒரு கேள்வியை எடுத்து அளந்து பார்த்ததில்தான் இருக்கிறது. அளவுதான் எல்லாம். கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றர், தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சீனி, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. ஜீவனி கிடைத்தால் அதுதான் முதல்; கிடைக்காவிட்டால் இது. குழந்தை சோர்ந்து கண் குழிவிழுந்தால், குடிக்க மறுத்தால், மலத்தில் இரத்தம் கண்டால், உடனே வைத்தியசாலை. முகாம்களில் இதைக் கற்றவர்கள் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் இளம் தாய்மாருக்கு இந்த அளவைச் சொல்லிக் கொடுங்கள்.