ஒற்றைக் கண் கண்ட ஒளிக்கோடுகள்

வேதியியல் ஆய்வுக்கூடத்தில் புன்சன் அடுப்பை ஏற்றாத மாணவியர் நம்முள் இலர். ஆனால், அப்பெயருக்குரிய ராபர்ட் புன்சன் ஒரு கண்ணை இழந்தவர் என்பதை எத்தனை பேர் அறிவோம்? 1811இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பிறந்த அவர், இளமையில் ஆர்சனிக் சேர்மங்களை ஆராய்ந்தபோது கலம் வெடித்து வலக்கண் பார்வையை இழந்தார். நஞ்சினால் உயிரே ஊசலாடியது.

1852இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அங்கே கருவி வினைஞர் தெசாகா 1855இல் செய்து தந்த அடுப்பின் சுடருக்கு நிறமே இல்லை எனலாம். அதனால், அதில் இட்ட உப்பின் நிறம் கலப்பின்றித் தெரிந்தது. அந்த ஒளியை முப்பட்டகத்தால் பிரித்துப் பார்க்கலாமே என்று நண்பர் கிர்க்காஃப் யோசனை கூற, 1859இல் இருவரும் நிறமாலைக் கருவியை அமைத்தனர். ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஒளிக்கோடுகளைக் காட்டியது.

1860இல் டூர்க்ஹைம் ஊற்றுநீரை ஆராய்கையில், அதுவரை எவரும் அறியாத இரு நீலக்கோடுகள் தோன்றின. விடுவாரா புன்சன்? 40,000 கிலோவுக்கும் மேற்பட்ட நீரைச் சுண்டக் காய்ச்ச ஏற்பாடு செய்தார். கிடைத்த புதிய உப்போ 7 கிராம் சொச்சம்தான்! வான்நீலத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டு அத்தனிமத்துக்குச் சீசியம் எனப் பெயரிட்டனர். மறு ஆண்டே ரூபிடியமும் அகப்பட்டது.

அடுப்புக்கு அவர் காப்புரிமை கேட்கவில்லை. 1889இல் ஓய்வுபெற்றபின் நிலவியலில் மனத்தைச் செலுத்தி, 1899இல் ஹைடல்பர்க்கிலேயே மறைந்தார்.