வீட்டு வரியோடு 'நூலக வரி' எதுக்கு? 1948-ல் அதைக் கொண்டு வந்த திருப்பூர்க்காரர் அவினாசிலிங்கத்தின் கதை

பவானியிலோ, பக்கத்து ஊராட்சியிலோ உங்களுக்குச் சொந்த வீடு இருக்கா? அப்படின்னா கடைசியா கட்டின வரி ரசீதை ஒருமுறை எடுத்துப் பாருங்க.

வீட்டு வரிக்குக் கீழே 'நூலக வரி'ன்னு ஒரு சின்னத் தொகை இருக்கும். 100 ரூபாய் வரிக்கு 10 ரூபாய். பெரும்பாலானவங்க அதைக் கவனிக்கிறதே இல்லை.

ஆனா ஊர் ஊருக்கு இருக்கும் கிளை நூலகம், அங்கே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், மேஜையில் கிடக்கும் நாளிதழ், எல்லாத்துக்கும் அடிப்படை அந்தச் சின்னத் தொகைதான். இந்த வரியைச் சட்டமாக்கியவர் நம்ம கொங்கு மண்ணைச் சேர்ந்த ஒருவர். பெயர் தி.சு.அவினாசிலிங்கம் செட்டியார்.

யார் இவர்?

1903-ம் ஆண்டு திருப்பூரில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர் அவினாசிலிங்கம். அன்றைக்குத் திருப்பூர், ஈரோடு, பவானி எல்லாமே ஒரே கோயம்புத்தூர் மாவட்டம். ஈரோடு தனி மாவட்டமாகப் பிரிந்தது 1979-ல்தான்.

சென்னையில் சட்டம் படித்தார். வக்கீல் தொழிலில் நன்றாகச் சம்பாதித்திருக்கலாம். ஆனால் காந்தி மீதும் ராமகிருஷ்ணர், விவேகானந்தர் மீதும் இருந்த ஈடுபாடு அவரை வேறு பாதைக்குக் கொண்டு போனது. சுதந்திரப் போராட்டத்தில் இறங்கிப் பலமுறை சிறை சென்றார். கடைசி வரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

1930-ல் கோவையில் சிறிய அளவில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதுதான் ராமகிருஷ்ண வித்யாலயம். பிறகு அது பெரியநாயக்கன்பாளையத்துக்கு இடம் மாறியது. 1934-ல் காந்தி வந்து அங்கே அடிக்கல் நாட்டினார்.

சாதி வேறுபாடு பார்க்காமல் பிள்ளைகள் ஒன்றாகத் தங்கி, ஒன்றாகச் சாப்பிட்டு, தங்கள் வேலையைத் தாங்களே செய்து படிக்க வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் வழக்கம். அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயம் இல்லை.

நூலகச் சட்டம் ஏன் தேவைப்பட்டது?

அப்போதும் நூலகங்கள் இருந்தன. ஆனா யாருக்கு? சென்னையில் 1896-ல் திறந்த கன்னிமாரா நூலகம் இருந்தது. கல்லூரிகளில் இருந்தது. மற்ற ஊர்களில் யாராவது ஒரு செல்வந்தர் மனது வைத்தால் ஒரு படிப்பகம் வரும். அவர் காலத்துக்குப் பிறகு வாடகை கொடுக்க ஆள் இருக்காது, புத்தகத்தைக் கரையான் தின்னும்.

பள்ளிக்கூடத்திலோ புத்தகம் பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும். பாடப்புத்தகத்தைத் தாண்டி எதையாவது படிக்கணும்னு ஒரு நெசவாளர் வீட்டுப் பையன் ஆசைப்பட்டால், அவனுக்குப் போக இடம் கிடையாது.

இந்த நிலையை மாற்றணும்னு பல வருஷமாகப் போராடியவர் எஸ்.ஆர்.ரங்கநாதன். சீர்காழியில் பிறந்தவர், கணிதப் பேராசிரியர். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1928-ல் தொடங்கிய சென்னை நூலகச் சங்கத்தின் முக்கியத் தூணாக இருந்தார்.

1931-ல் மன்னார்குடிப் பக்கம் கனகசபை என்ற பொறியாளர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போனதும் இந்த இயக்கத்தின் காலத்தில்தான்.

ஆனா மாட்டு வண்டியும் நன்கொடையும் எத்தனை ஊருக்குப் போய்ச் சேரும்? நிரந்தரமாகப் பணம் வர ஒரு சட்டம் வேணும் என்பது ரங்கநாதனின் கணக்கு. 1930-களில் ஒரு மசோதா வந்தும் அது சட்டமாகவில்லை.

அமைச்சரானதும் என்ன செய்தார்?

1946-ல் மதராஸ் மாகாணத்தின் கல்வி அமைச்சரானார் அவினாசிலிங்கம். பிரகாசம் அமைச்சரவையிலும், பிறகு ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அமைச்சரவையிலும் 1949 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

ரங்கநாதனின் கனவு இவர் காலத்தில்தான் கைகூடியது. 1948-ல் மதராஸ் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. 1950 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கோல்காப்பூர் சமஸ்தானத்தில் 1945-லேயே ஒரு நூலகச் சட்டம் இருந்தது. ஆனால் சுதந்திர இந்தியாவில் வந்த முதல் பொது நூலகச் சட்டம் நம்முடையதுதான்.

சட்டம் சொன்னது என்ன?

ஒன்று: மாவட்டம்தோறும் ஒரு நூலக ஆணைக்குழு. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகங்கள் எல்லாம் அதன் பொறுப்பு.

இரண்டு: சென்னையில் மாநில மைய நூலகம். கன்னிமாரா நூலகம் 1950-ல் அந்தத் தகுதியைப் பெற்றது.

மூன்று: நூலக வரி. சொத்து வரியிலும் வீட்டு வரியிலும் ரூபாய்க்கு 6 பை கூடுதலாக வசூலிக்கணும். அன்றைய கணக்கில் 192 பை சேர்ந்தால்தான் ஒரு ரூபாய். இன்றைய காசில் சொன்னால் ரூபாய்க்குச் சுமார் 3 பைசா. பிறகு படிப்படியாகக் கூடி, இப்போது ரூபாய்க்கு 10 பைசாவாக இருக்கிறது.

இந்த வரியை வசூலிப்பது நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சிகள். ஆனா பணம் அவர்களுடையது இல்லை. ஆணைக்குழுவிடம் கொடுத்துவிட வேண்டும். அதாவது, ரோடு போடவோ சாக்கடை கட்டவோ இதைத் தொடக்கூடாது.

வரி எதுக்கு, நன்கொடை போதாதா?

இதுதான் அவினாசிலிங்கத்தின் வாழ்க்கையில் கவனிக்க வேண்டிய இடம். அவர் கொடுக்கத் தெரியாத மனுஷர் இல்லை. தன் சொத்தைக் கல்விப் பணிக்குக் கொடுத்தவர். 1957-ல் கோவையில் அவர் தொடங்கிய மகளிர் மனையியல் கல்லூரிதான் இன்றைக்கு அவினாசிலிங்கம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக நிற்கிறது.

ஆனாலும் ஒரு வள்ளல் எவ்வளவு கொடுத்தாலும் அது ஒரு வளாகத்தோடு நின்றுவிடும். வரி அப்படி இல்லை. ஜமக்காளத் தறி போட்ட வீட்டுக்காரரும் கொடுக்கிறார், மில் முதலாளியும் கொடுக்கிறார். அதனால் நூலகத்துக்குள் வரும் பையன் யாருக்கும் கும்பிடு போட வேண்டியதில்லை. அவன் வீட்டு வரியிலும் அந்த நாற்காலிக்கு ஒரு பங்கு இருக்கு.

கட்டிடம் வந்தது, புத்தகம்?

நூலகம் திறந்தால் போதுமா? தமிழில் படிக்க அறிவியல், வரலாறு, மருத்துவம் எல்லாம் வேண்டாமா? இந்தக் கேள்விக்கும் அவர் ஒரு வேலை செய்தார். தமிழ் வளர்ச்சிக் கழகத்தை 1946-ல் உருவாக்கி, அதன் மூலம் தமிழில் ஒரு கலைக்களஞ்சியம் கொண்டு வரும் பணியை 1947-ல் தொடங்கினார்.

அதன் முதன்மை ஆசிரியர் பெ.தூரன். இவரும் நம்ம பக்கம்தான். ஈரோடு மொடக்குறிச்சி அருகே மஞ்சக்காட்டுவலசில் 1908-ல் பிறந்தவர். பெரியநாயக்கன்பாளையம் வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர்.

1954-ல் முதல் தொகுதி வந்தது. 1968-க்குள் 10 தொகுதிகள் முடிந்தன. அதன் பிறகு பள்ளிப் பிள்ளைகளுக்காகவே படங்களோடு குழந்தைகள் கலைக்களஞ்சியம், அதுவும் 10 தொகுதிகள், 1968 முதல் 1976 வரை வெளிவந்தன. இன்டர்நெட் இல்லாத காலத்தில் ஒரு கிராமத்துப் பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால், தமிழிலேயே புரட்டிப் பார்க்க ஒரு இடம் கிடைத்தது.

பின்னர் நடந்தது என்ன?

1949-க்குப் பிறகு அவர் மாநில அமைச்சராக இல்லை. 1952-ல் திருப்பூரிலிருந்து மக்களவைக்குப் போனார். பிறகு 1964 வரை மாநிலங்களவை உறுப்பினர். 1970-ல் பத்மபூஷண். 1991 நவம்பரில் மறைந்தார்.

ஆனால் சட்டம் தன் வேலையைத் தொடர்ந்தது. காமராஜர் ஆட்சியில், பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலுவே நூலகத் துறையையும் கவனித்தார். கிளை நூலகங்கள் ஊர்களுக்குள் பரவின.

இன்றைக்கு நிலைமை என்ன?

குறை இல்லாமல் இல்லை. வசூலித்த நூலக வரியைச் சில உள்ளாட்சிகள் உரிய நேரத்தில் ஆணைக்குழுவிடம் கொடுப்பதில்லை என்ற புகார் பல வருஷமாக இருக்கு. பணம் வராவிட்டால் புதுப் புத்தகம் வராது, ஓட்டை விழுந்த கூரை மாறாது. பாதிக்கப்படுவது, வீட்டில் தறிச் சத்தத்துக்கு நடுவே படிக்க முடியாமல் நூலகத்துக்கு வரும் பிள்ளைகள்தான்.

அதனால் அடுத்த முறை வரி கட்டும்போது அந்த வரியைப் பாருங்க. உங்க ஊரில் வசூலான நூலக வரி எவ்வளவு, ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர்ந்ததான்னு உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்க. தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம்.

அப்படியே வீட்டுப் பிள்ளையையும் ஒரு நாள் கிளை நூலகத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. உள்ளே உட்கார்ந்து படிக்கக் காசு கிடையாது. அதுக்கான பணத்தை நீங்க ஏற்கெனவே கட்டிட்டீங்க.