ஓடி முடிக்காத தூரம்

என் வயதில் டெரி ஃபாக்ஸ் ஒற்றைக் காலுடன் ஓடப் பழகிக்கொண்டிருந்தார்.

கனடாவைச் சேர்ந்த அந்தப் பல்கலைக்கழக மாணவர், 1977இல், 18 வயதில், எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்தார். மருத்துவமனையில் சிறு பிள்ளைகள் பட்ட வேதனை அவரை உலுக்கியது. புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட எண்ணி, 1980 ஏப்ரலில் செயற்கைக் காலுடன் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கினார். ஒவ்வொரு கனடியரிடமும் ஒரு டாலர் என்பது பின்னர் அவரது இலக்கானது.

143 நாளில் 5,373 கிலோமீட்டர். அதற்குள் நோய் நுரையீரலுக்குப் பரவிவிட்டது. மேற்குக் கரையை அவர் எட்டவே இல்லை.

நிதியோ 1981 பிப்ரவரியில் 24 மில்லியன் டாலரை எட்டியது. அதே ஜூனில், 22 வயதில் மறைந்தார். அவர் பெயரில் ஆராய்ச்சிக்கான நிதியோட்டமும், தொண்டாற்றும் மாணவர்களுக்கான உபகாரச் சம்பளமும் இன்றும் தொடர்கின்றன.

தொடங்கியதை முடித்தால்தான் வெற்றி என்று நினைத்திருந்தேன். அவர் விட்ட இடத்திலிருந்து இத்தனை பேர் ஓடுவதைப் பார்த்தபின் அப்படி நினைப்பதில்லை.