கட்சிக்குத் திருச்சபையின் பெயரை வைக்காத குருவானவர்

1919-ம் ஆண்டு ஜனவரி மாதம் இத்தாலி தேசத்தில் ஒரு குருவானவர் அரசியல் கட்சி ஒன்றைத் தொடங்கினார். அதே ஆண்டு நவம்பர் தேர்தலில் அக்கட்சி பார்லிமெண்டில் 100 ஸ்தானங்களைப் பெற்றது. எட்டு வருஷம் முடியுமுன் கட்சியும் இல்லை, குருவானவரும் நாட்டில் இல்லை. முசோலினிதான் துரத்தினான் என்று சரித்திரப் புத்தகங்கள் சொல்லும். அது முக்கால் பங்கு உண்மை. மற்றக் கால் பங்கு நம்முடைய வீட்டுச் சங்கதி. அதையும் நாம்தான் பேசவேண்டும்.

அவர் பெயர் லூயிஜி ஸ்துர்சோ. லூயிஜி என்றால் நம் ஊர் ஞானப்பிரகாசம்தான். 1871-ம் ஆண்டு நவம்பர் 26-ம் தேதி சிசிலித் தீவில் கல்தஜிரோனே என்னும் ஊரில் இரட்டைப் பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தார். கூடப் பிறந்தது பெண் குழந்தை. மூத்த சகோதரர் மாரியோ பிற்காலத்தில் மேற்றிராணியார் ஆனவர். ஆகவே பக்தியுள்ள குடும்பம் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

1894-ல் குருப்பட்டம் பெற்றுப் படிப்புக்காக ரோமாபுரியில் இருந்தார். மறு வருஷம் பெரிய சனிக்கிழமையன்று வீடுகளை மந்திரிக்கப் புறப்பட்டுப் போனார். போன இடம் ஏழைகள் நெருங்கி வசித்த பழைய யூதர் தெரு. தீர்த்தம் தெளித்துக்கொண்டே வீடு வீடாக நுழைந்தவர் அங்கே கண்ட வறுமையை ஆயுள் முழுதும் மறக்கவில்லை. தத்துவ சாஸ்திரத்தில் பேராசிரியராக விளங்கியிருக்கக் கூடியவர், ஊருக்குத் திரும்பிக் குடியானவர்களுக்குக் கடன் சங்கமும் கூட்டுறவுச் சங்கமும் அமைக்கத் தொடங்கினார். 13-ம் சிங்கராயர் பாப்பானவர் தொழிலாளரைக் குறித்து 1891-ல் நிருபம் எழுதியிருந்த காலம் அது. 1905 முதல் 1920 வரை கல்தஜிரோனே முனிசிபாலிட்டியை நடத்தியவரும் இவரே. குருவானவராகையால் மேயர் என்ற பெயரில்லாமல் பதில் மேயராக இருந்து நடத்தினார். அந்த ஊர் மண்பாண்டத்துக்குப் பேர்போனது. 1918-ல் அத்தொழிலுக்கு ஒரு பள்ளிக்கூடம் உண்டாக்கினார்.

இங்கே கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். 1870-ல் இத்தாலிய அரசர் படை ரோமாபுரியைப் பிடித்துக்கொண்டபின், கத்தோலிக்கர் பார்லிமெண்ட் தேர்தலில் வோட்டுப் போடவும் வேண்டாம், நிற்கவும் வேண்டாம் என்று பாப்பானவர்கள் விலக்கி வைத்திருந்தார்கள். நாளடைவில் இந்த விலக்கு தளர்ந்தது. 1913-ம் ஆண்டுத் தேர்தலில் வேறொரு ஏற்பாடு நடந்தது. விவாக முறிவு, மறைக் கல்வி முதலிய ஏழு காரியங்களில் வாக்குக் கொடுக்கும் லிபரல் அபேட்சகர்களுக்குக் கத்தோலிக்கர் வோட்டுகள் சேரும் என்பது ஒப்பந்தம். வெளியில் தெரியாமல் கையெழுத்து, வெளியில் தெரியாமல் வோட்டு. வியாபாரம் லாபமாகத்தான் இருந்தது. ஸ்துர்சோ சுவாமிக்கு அது பிடிக்கவில்லை. கத்தோலிக்கர் சுதந்திரப் பிரஜைகளாகத் தங்கள் சொந்தத் திட்டத்தோடு பகிரங்கமாக நிற்கவேண்டும் என்று 1905 முதலே சொல்லி வந்தவர் அவர்.

15-ம் ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) காலத்தில் வழி திறந்தது. கட்சி பிறந்தது. பெயர் என்ன வைத்தார் தெரியுமா? இத்தாலிய மக்கள் கட்சி. கத்தோலிக்கக் கட்சி என்று வைத்திருந்தால் கோயிலுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு வோட்டுப் போட்டிருப்பார்கள் என்று அநேகர் வருத்தப்பட்டார்கள். சுவாமியின் நியாயம் வேறு. கத்தோலிக்கம் என்றால் எல்லாருக்கும் பொது. கட்சி என்றாலோ ஒரு பங்கு, ஒரு பக்கம். இரண்டையும் ஒரே பெயரில் கட்டினால் கட்சியின் தப்பிதம் திருச்சபையின் தலையில் விழும். திருச்சபையின் நிழலில் கட்சிக்காரன் ஒளிந்துகொள்வான். கிறிஸ்தவ மனச்சாட்சியோடு நடக்கும் கட்சியாக அது இருக்கலாம். பலனைத் தானே சுமக்கட்டும், மேற்றிராணிமார் சுமக்கவேண்டாம் என்பது அவர் தீர்மானம். நிலச் சீர்திருத்தம், பெண்களுக்கு வோட்டு, ஊராட்சிகளுக்கு அதிகாரம் ஆகியவை திட்டத்தில் இருந்தன.

1922 அக்டோபரில் முசோலினி பதவிக்கு வந்தான். சுவாமிக்கு மனமில்லாதிருந்தும் மக்கள் கட்சி மெம்பர்கள் அந்த மந்திரி சபையில் சேர்ந்தார்கள். 1923 ஏப்ரலில் தூரின் நகரில் கட்சி மகாநாடு கூடியது. சர்க்காருக்கு நிபந்தனையில்லாமல் தலையாட்டச் சம்மதிக்கவில்லை என்று தெரிந்தவுடன் முசோலினி அக்கட்சி மந்திரிகளை வெளியேற்றினான். அடுத்து ஒரு தேர்தல் மசோதா வந்தது. நாலில் ஒரு பங்கு வோட்டுக்குக் குறையாமல் பெற்று முதலில் நிற்கும் பட்டியலுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஸ்தானங்கள் என்பது அதன் சாரம். அதை எதிர்த்தவர்களில் முதல்வர் ஸ்துர்சோ.

முசோலினி கெட்டிக்காரன். மறையைப் பற்றி நேற்றுவரை இழிவாகப் பேசினவன், இப்போது பள்ளிக்கூடங்களில் பாடுபட்ட சுரூபத்தைத் திரும்ப மாட்டச் சொன்னான். குருக்களின் படியை உயர்த்தினான். இன்னொரு பக்கம் அவனுடைய கறுஞ்சட்டைக்காரர் கத்தோலிக்கச் சங்கங்களின் இடங்களை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு கையில் மிட்டாய், ஒரு கையில் தடி. சுவாமி விலகினால் திருச்சபைக்கு நல்லது என்ற பேச்சு எழுந்தது. ரோமாபுரிக் கத்தோலிக்கப் பத்திரிகை ஒன்றில் ஒரு மொன்சிஞ்ஞோரே ஜூன் மாதம் அப்படி எழுதினார். வத்திக்கானிலிருந்தும் விருப்பம் தெரிவிக்கப்பட்டது. 1923 ஜூலை 10-ம் தேதி சுவாமி கட்சிக் காரியதரிசிப் பதவியை ராஜினாமா செய்தார். மசோதா பார்லிமெண்டில் நிறைவேறியது. ஆகஸ்டு மாதத்தில் அர்ஜெந்தா என்னும் ஊரின் பங்குக் குரு மின்சோனி சுவாமியைக் கறுஞ்சட்டைக்காரர் தெருவில் அடித்துக் கொன்றார்கள்.

1924 ஜூனில் சோஷலிஸ்ட் தலைவர் மத்தேயோத்தி கொலையுண்டபோது தேசமே கொதித்தது. மக்கள் கட்சியும் சோஷலிஸ்ட்களும் ஒன்றுகூடியிருந்தால் முசோலினி விழுந்திருப்பானோ என்னவோ. அப்படிச் சேருவதை 11-ம் பத்திநாதர் (பியூஸ்) பாப்பானவர் செப்டம்பரில் வெளிப்படையாகவே கண்டித்தார். அவருக்கு இருந்த பயத்தை நாம் லேசாக எண்ணலாகாது. ருஷியாவில் குருக்கள் பட்ட பாடு அவர் கண்முன் இருந்தது. ஆனாலும் சுதந்திரமான தம் பிள்ளைகளைவிட ஒரு சர்வாதிகாரியின் வாக்கை அதிகமாக நம்பிவிட்டார்கள் என்றே எனக்குப் படுகிறது. அக்டோபர் 25-ம் தேதி ஸ்துர்சோ சுவாமி லண்டனுக்குப் பிரயாணமானார். 1926-ல் கட்சி கலைக்கப்பட்டது.

1929 பிப்ரவரி 11-ம் தேதி வத்திக்கானுக்கும் இத்தாலிக்கும் உடன்படிக்கை ஆயிற்று. அறுபது வருஷப் பிணக்கு தீர்ந்தது என்று கோயில் மணிகள் முழங்கின. மறு மாதமே தேர்தல். அதில் 400 பேர் கொண்ட ஒரே பட்டியல். ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லலாம். ஆம் என்று சொல்லக் கத்தோலிக்க சேவைச் சங்கங்கள் தூண்டின. இரண்டே வருஷத்தில், 1931-ல், அந்தச் சங்கங்களின் வாலிபர் கிளைகளையே முசோலினி மூடினான். பாப்பானவர் கண்டித்து நிருபம் எழுதவேண்டியதாயிற்று. அப்போது பார்லிமெண்டில் எழுந்து பேச ஒரு கத்தோலிக்க மெம்பர்கூட மீதியில்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

லண்டனில் 16 வருஷம், பிறகு அமெரிக்காவில் 6 வருஷம். புஸ்தகங்கள் எழுதினார். ஸ்பெயின் தேசத்து உள்நாட்டு யுத்தத்தைச் சிலுவைப் போர் என்று அழைக்க மறுத்தார். இவ்வளவுக்கும் அவர் பூசையை விட்டதில்லை, கீழ்ப்படிதலை மீறியதில்லை. கோபித்துக்கொண்டு திருச்சபையை விட்டுப் போயிருந்தால் அவருக்குப் புகழ் அதிகம் கிடைத்திருக்கும்.

1946 செப்டம்பரில் திரும்பி வந்தபோது வயது 74. அவருடைய பழைய தோழர் தெ காஸ்பெரி பிரதம மந்திரி. 1952-ல் ஒரு விசித்திரம் நடந்தது. ரோமாபுரி நகரசபை கம்யூனிஸ்ட்கள் கைக்குப் போய்விடுமோ என்று 12-ம் பத்திநாதர் பாப்பானவர் அஞ்சினார். முடியரசுக்காரரையும் பழைய பாசிஸ்ட்களையும் சேர்த்து ஒரு பொதுப் பட்டியல் அமைக்க யோசனை பிறந்தது. அதற்கு முன்நிற்கக் கேட்கப்பட்டவர் யார்? பாசிஸ்ட்களால் நாடுவிட்டுப் போன அதே ஸ்துர்சோ சுவாமி. முதலில் இசைந்தார். தெ காஸ்பெரி ஒப்பவில்லை. சில நாட்களிலேயே சுவாமி அதைக் கைவிட்டார். பட்டியல் இல்லாமலே கம்யூனிஸ்ட்கள் தோற்றார்கள். அவ்வாண்டு தெ காஸ்பெரி தம் விவாகத்தின் 30-ம் ஆண்டையும், கன்னியர் மடத்திலிருந்த மகளின் நித்திய வார்த்தைப்பாட்டையும் முன்னிட்டுப் பாப்பானவரைத் தரிசிக்கக் கேட்டார். அனுமதி கிடைக்கவில்லை. உத்தம கத்தோலிக்கருக்கு அது எவ்வளவு கசந்திருக்கும் என்பது குடும்பஸ்தருக்குத் தெரியும்.

அதே வருஷம் சுவாமி ஆயுட்கால செனட்டராக நியமிக்கப்பட்டார். தாம் விதைத்த மரத்தில் காய்த்த கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் பெஞ்சில் அவர் உட்காரவில்லை. எக்கட்சியிலும் சேராதவர்களோடு உட்கார்ந்து, சர்க்கார் பண விரயத்தையும் கட்சிகளின் ஆதிக்கத்தையும் தம் தோழர்கள் முகத்துக்கு நேரே கண்டித்தார். ரோமாபுரியில் கனோசியன் கன்னியர் மடத்தில் ஓர் அறையே அவர் வாசஸ்தலம். 1959 ஜூலையில் பூசை செய்துகொண்டிருக்கையில் உடல் தளர்ந்து விழுந்தார். ஆகஸ்டு 8-ம் தேதி மரித்தார். 1962-ல் அவர் சரீரம் கல்தஜிரோனேக்கு, திருஇரட்சகர் கோயிலுக்குக் கொண்டுபோகப்பட்டது. முத்திப்பேறு பட்டத்துக்கான விசாரணை 2002-ல் ரோமாபுரியில் தொடங்கியது.